120-ஐ 150 ஆக்கிய நாள்: கேட் கற்பவர்களின் இயல்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கணினியில் பொருள்களை வடிவமைக்கப் பழகும் கேட் (CAD) வகுப்பு அது. பத்தாவது வாரத்தில் ஒருநாள் நான் கேட்டது சின்ன மாற்றம்தான். எல்லோரும் ஏற்கெனவே செய்து சேமித்து வைத்திருந்த தாங்கிக் கட்டையின் மாடலைத் திறக்க வேண்டும். அடித்தட்டின் நீளம் 120 மில்லிமீட்டர். அதை 150 ஆக்க வேண்டும். தடிமன் 12-ஐ 16 ஆக்க வேண்டும். மேலே உள்ள பெரிய துளையின் மையம் மட்டும் அடியிலிருந்து அதே 60 மி.மீ. உயரத்தில், தட்டுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் போதும்" என்று சொல்லிவிட்டு நான் வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை வகுப்பில் முதல் ஆளாக இருந்த இளைஞரின் திரையில் ஃபீச்சர் மரம், அதாவது மாடலைக் கட்டிய ஒவ்வொரு படியையும் வரிவரியாகக் காட்டும் பட்டியல், முழுக்கச் சிவப்பு: எல்லாம் பிழை. வழக்கமாகக் கடைசியாக முடிக்கும் பெண் இரண்டாவது நிமிடமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாளில் யார் எப்படி வருவார்கள் என்று டைரியில் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு மாலை அதை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்தது.

அந்த வகுப்பில் நான் தனித்தனியாகக் குறிப்பெழுதி வந்த ஐந்து பேரைப் பற்றியது இந்த ஆய்வு. பெயர்கள் வேண்டாம், டைரியில் வைத்திருந்த பட்டப்பெயர்களே இருக்கட்டும்: வேகக்காரர், அண்ணன், நோட்டுக்காரர், கணக்குக்காரர், நோண்டி. கடைசிப் பெயரை அவரிடமே ஒருநாள் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார்.

எதைக் கற்கிறோம் என்பதிலேயே ஒரு குழப்பம்

கணினியில் வரைவது என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணாடிக்குள் போய்விட்ட வரைபலகை. 1982-இல் வந்த ஆட்டோகேட் மென்பொருளைப் பெரும்பாலோர் அப்படித்தான் பழகினார்கள். கோடு போடு, வட்டம் போடு, மிச்சத்தை வெட்டு, கடைசியில் அளவு எழுது. ஆனால் அதற்கு ரொம்ப முன்னால், 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் ஆய்வேட்டுக்காகச் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரைநிரலிலேயே இன்னொரு யோசனை இருந்தது. இந்த இரண்டு கோடும் இணையாக இருக்க வேண்டும், இவை சம நீளம் என்று சொல்லிவிட்டால் கணினி அதைக் காப்பாற்றும். 1980-களின் கடைசியில் புரோ-இன்ஜினியர் என்ற மென்பொருள் அந்த யோசனையைத் தொழிற்கூடத்துக்குள் கொண்டுவந்தது. 1995-இல் சாலிட்வொர்க்ஸ் அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்கு இறக்கியது.

நாங்கள் பழகியதும் இந்த வகைதான். இதில் கற்பவர் செய்வது வரைதல் என்பதைவிட விதி எழுதுதல். அளவு என்பது வரைந்த பிறகு ஒட்டும் சீட்டு இல்லை. அதுதான் கோட்டை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு. சாலிட்வொர்க்ஸில் ஸ்கெட்ச் (கனவடிவத்துக்கு அடிப்படையான தட்டைப் படம்) நீலமாக இருந்தால் ஏதோ ஒரு கயிறு இன்னும் கட்டப்படவில்லை என்று பொருள். கறுப்பானால் எல்லாம் கட்டியாகிவிட்டது. நீலமாகவே விட்டுவிட்டாலும் மாடல் பார்க்க அழகாக, சரியான அளவில் நிற்கும். இதுதான் சிக்கல். கயிறு கட்டாதது, யாராவது வந்து இழுக்கும் வரை தெரியாது.

தாங்கிக் கட்டை பெரிய வேலை இல்லை. 120-க்கு 80 அடித்தட்டு, நான்கு மூலையிலும் 10 மி.மீ. விட்டத்தில் துளை, ஒவ்வொன்றும் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே. பின்னால் ஒரு நிமிர்தட்டு, அதன் தலையில் 25 மி.மீ. துளை, முட்டுக் கொடுக்க முக்கோணமாக ஒரு ரிப், மூலைகளில் ஃபில்லெட் என்ற வளைவு. ஏழாம் வாரத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள்.

முதல் நாள் சோதனைகள்

சேர்ந்த அன்றே மூன்று சோதனைகள் வைத்தேன். ஒன்று, ஒரு கனவடிவத்தை மனதுக்குள் சுழற்றிப் பார்த்துச் சரியான படத்தைத் தேர்ந்தெடுக்கும் தாள். இரண்டு, "இந்தப் பாடத்தை நான் பிடித்துவிடுவேன்" என்பதற்குப் பத்துக்கு எவ்வளவு என்று அவர்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். மூன்றாவதாக, நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று கேட்கும் வினாப்பட்டியல்.

மூன்றாவதை வைத்ததற்காக இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன். ஒருவருடைய கற்றல் பாணியைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்பார் என்ற நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஹெரால்ட் பாஷ்லரும் அவருடைய சக உளவியலாளர்களும் அலசி எழுதிவிட்டார்கள். என் வகுப்பிலும் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. ஐந்து பேரில் நான்கு பேர் "செய்து கற்பவர்" என்று வந்தது. கேட் வகுப்புக்கு வருபவர் வேறு எப்படி வருவார்?

முதல் இரண்டு சோதனைகளை வைத்து டைரியில் வரிசை போட்டேன். வேகக்காரர் முதலிடம், நோட்டுக்காரர் இரண்டாமிடம், அண்ணன் மூன்று, நோண்டி நான்கு, கணக்குக்காரர் கடைசி.

வேகக்காரர்

வீடியோ கேமில் வளர்ந்த கை. இடக்கை கீபோர்டிலேயே இருக்கும், வலக்கை மவுஸை விட்டு எழாது. மனச்சுழற்சித் தாளில் ஒன்றிரண்டுதான் தப்பு. தனக்குத் தானே போட்டுக்கொண்டது பத்துக்கு ஒன்பது. தாங்கிக் கட்டையை 22 நிமிடத்தில் முடித்தார். மற்றவர்களுக்குப் பாதியாவது ஆகட்டும் என்று நான் நடந்துகொண்டிருந்தபோது அவர் நிறம் கொடுத்து, வெளிச்சம் வைத்து, படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாற்றம் கேட்ட அன்று அவருடைய திரையில் முதலில் வந்தது சிவப்பு இல்லை, கோணல். 120-ஐ 150 ஆக்கியதும் தட்டு வலப்பக்கமாக மட்டும் வளர்ந்தது. துளைகளை எல்லாம் இடது மூலையிலிருந்து அளந்து வைத்திருந்தார்: இடத் துளை 15-இல், வலத் துளை 105-இல். இப்போது வலப்பக்கத் துளை விளிம்பிலிருந்து 45 மி.மீ. உள்ளே நின்றது. நிமிர்தட்டு இடமிருந்து 60-இலேயே இருந்தது. நடுவுக்கு 75-இல் இருக்க வேண்டும். இதுவரைகூடப் பரவாயில்லை, நான்கைந்து அளவைத் திருத்தினால் போதும். அவர் அதைச் செய்யவில்லை. அடித்தட்டின் செவ்வகத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்தார்.

அப்போதுதான் சிவந்தது. ஃபில்லெட்டுகள் பிடித்திருந்தது பழைய செவ்வகத்தின் விளிம்புகளை. நிமிர்தட்டு உட்கார்ந்திருந்தது பழைய தட்டின் மேல்முகத்தில். தாய் போனதும் பிள்ளைகள் எல்லாம் அநாதை. அவர் அந்தச் சிவப்பு வரிகளில் எதையும் திறந்து "இது எதைத் தேடுகிறது?" என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக அழித்தார். நாற்பது நிமிடம் கழித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் புதிய ஃபைல் திறந்து, முழுக் கட்டையையும் 18 நிமிடத்தில் மறுபடி செய்து முடித்தார். என்னைப் பார்த்து, "புதுசாப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடுது சார்" என்றார்.

தனியாக நிற்கும் ஒரு பொருளுக்கு அவர் சொன்னது உண்மை. பல பாகங்களைப் பொருத்திய அசெம்ப்ளிக்குள் போனால் அதுவே பொய்யாகிவிடும். அங்கே மற்றப் பாகங்கள் இந்தக் கட்டையின் முகத்தையும் விளிம்பையும் பிடித்துக்கொண்டு நிற்கும். புதிதாகச் செய்த கட்டை அச்சு அசலாக அதே உருவத்தில் இருந்தாலும், மென்பொருளுக்கு அது வேறு முகம். பிடித்திருந்த எல்லாம் நழுவிவிடும்.

கணினிப் பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் 1987-இல் எழுதிய ஒரு விஷயம் இங்கே பொருந்துகிறது. வேலையை முடிக்க வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர், கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்க மாட்டார். தெரிந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் போவார். அந்த வழி ஓரளவு பலன் தருவதால் அதிலேயே நின்றுவிடுவார். வேகக்காரருக்குத் திறமை குறைவில்லை. அந்த வேகமே அவரை மரத்தைத் திறந்து பார்க்க விடவில்லை. வேகமாக மறுபடி செய்ய முடிகிறவருக்குப் பழுது பார்க்கக் கற்க என்ன தேவை இருக்கிறது?

அண்ணன்

வகுப்பிலேயே மூத்தவர். வரைபலகை, டிராஃப்டர், மை பேனா எல்லாம் பார்த்து, அப்புறம் பல வருடம் இருபரிமாண வரைபடத்தில் வேலை செய்தவர். வயதால் எல்லோருக்கும் அண்ணன், எனக்கும்தான். முதல் வாரமே நான் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "இந்த நிமிர்தட்டுக்குத் தடிமன் எங்க சார் போட்டிருக்கு?" என்றார். போட்டிருக்கவில்லை. அதே தாளை அதற்கு முன் பல முறை கொடுத்திருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஏதோ ஒரு தடிமனைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட கண் உள்ளவர் முதல் நான்கு வாரம் வகுப்பிலேயே மெதுவானவராக இருந்தார். மவுஸ் காரணமில்லை. அவர் ஒரே ஸ்கெட்சுக்குள் எல்லாவற்றையும் வரைந்தார்: தட்டு, துளைகள், மூலை வளைவுகள், எல்லாம். பிறகு தாளில் எழுதுவதுபோல அளவு போட்டார். 15, நடுவில் 90, மறுபடி 15, அதற்கு மேல் மொத்தம் 120. நான்காவது அளவைப் போட்டதும் மென்பொருள் எச்சரித்தது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு அளவும் சரியாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குக் கத்துது?"

அளவுகள் சரிதான். ஆனால் மூன்று கயிறு கட்டியதுமே செவ்வகம் அசையாமல் நின்றுவிட்டது; நான்காவது கயிறுக்கு வேலை இல்லை. இதை நான் இரண்டு வகுப்பில் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார், பிடிபடவில்லை. மூன்றாவது முறை எதேச்சையாக, "அண்ணே, தாள்ல அடைப்புக்குறிக்குள்ள ஒரு அளவு போடுவீங்களே, தகவலுக்காக மட்டும்னு... அதுதான் இது" என்றேன். அப்படியே நிமிர்ந்தார். "அட, இது ரெஃபரன்ஸ் அளவா!" அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அவர் ஸ்கெட்சில் தேவைக்கு மேல் அளவு வந்ததில்லை.

பழைய அனுபவம் தடையா, துணையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அண்ணன் விஷயத்தில் ஒரே அனுபவம் இரண்டாகவும் இருந்தது. வரைபலகையில் அளவு என்பது வரைந்து முடித்தபின் எழுதுவது. அந்தப் பழக்கம் இடித்தது. அதே வரைபலகையில் அடைப்புக்குறி அளவுக்குத் தனி அர்த்தம் உண்டு, அதுதான் பாலமானது. பாலம் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுப்பவர் தேட வேண்டியிருக்கிறது. நான் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, தடுக்கி விழுந்தேன் என்பதுதான் நிஜம்.

மாற்றம் கேட்ட அன்று அவர் 120-ஐத் தொட்டார், அது மாறவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. 90-தான் இழுக்கும் அளவு, 120 வெறும் தகவல். கொஞ்ச நேரம் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றினார். 25 நிமிடம் ஆனது. யாரையும் கேட்கவில்லை.

நோட்டுக்காரர்

இவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் இவரிடம் நான் கற்றதுதான் அதிகம் வலித்தது. நான் வகுப்பில் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும் அவருடைய நோட்டில் எண் போட்டு இருக்கும். எந்த ஐகான், எந்த வரிசை, எந்த அளவு. கல்வி மதிப்பெண்ணோடு அதிகம் கைகோத்து நடக்கும் குணம் இந்த ஒழுங்கும் பொறுப்பும்தான் என்று ஆர்தர் போரோபட் 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. இவரும் ஒன்பது வாரம் எல்லாத் தேர்விலும் முன்னால் இருந்தார்.

மாற்றம் கேட்ட அன்று நீளம் அழகாக இருபுறமும் சமமாக வளர்ந்தது. தடிமன் 16 ஆனதும் துளையின் மையம் 64-க்கு ஏறிவிட்டது. அவர் கவனிக்காமல் கையைத் தூக்கினார். நான் அளந்து காட்டினேன். முகம் மாறியது, நோட்டைப் புரட்டினார், ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பினார். "நீங்க அப்படித்தான் சார் போட்டீங்க."

உண்மை. செய்து காட்டிய அன்று நான் துளையின் உயரத்தை அடியிலிருந்து 60 என்று போடவில்லை. அவசரத்தில் தட்டின் மேல்முகத்திலிருந்து 48 என்று போட்டிருக்கிறேன். 48-உம் 12-உம் 60, அன்றைக்குச் சரியாக வந்தது. தட்டு 16 ஆனால் 64. அவர் என் தப்பை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் பாதுகாத்து வைத்திருந்தார்.

பின்பற்றும் இயல்பை அன்றைக்குக் குறை சொல்லத் தோன்றியது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது வேறாகப் பட்டது. அவர் எழுதியதெல்லாம் "என்ன" என்பது மட்டுமே. "ஏன்" என்பதை நான் சொல்லவே இல்லை, பிறகு எப்படி எழுதுவார்? அடுத்த வகுப்பிலிருந்து நோட்டின் இடப்பக்கம் கிளிக்குகள், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஏன் என்ற ஒரு வரி என்று கேட்டுக்கொண்டேன். வலப்பக்கம் காலியாக இருக்கும் இடங்களில் என்னை நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சில நாள் என்னிடமே பதில் இல்லை.

கணக்குக்காரர்

கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றையும் பார்த்து உருவத்தை மனதில் நிறுத்தச் சொன்னால் வியர்த்துவிடும். மனச்சுழற்சித் தாளில் ஐவரில் கடைசி. தனக்குப் பத்துக்கு மூன்று போட்டுக்கொண்டார். முதல் வாரங்களில் பக்கத்துத் திரையைப் பார்த்து வரைந்தார், நான் அருகே போனால் ஜன்னலைச் சிறிதாக்கிவிடுவார்.

மனச்சுழற்சி என்பது வெறும் உருவகம் இல்லை. உளவியலாளர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971-இல் கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்களைக் காட்டி இரண்டும் ஒன்றா என்று கேட்டார்கள். இரண்டு படங்களுக்கும் இடையிலான கோணம் கூடக்கூட, பதிலுக்கு ஆன நேரமும் நேர்கோட்டில் கூடியது. உண்மையிலேயே எதையோ தலைக்குள் திருப்புகிறோம். சிலருக்கு அது வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, சிலருக்குத் துருப்பிடித்த திருகு.

இது பிறவிக் குணம், ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்கள் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறார்கள். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993 முதல் நடத்திய பாடம் இதற்கு நேர் எதிரானது: முதலாண்டு மாணவர்களில் இத்தகைய சோதனையில் பின்தங்கியவர்களைக் கூப்பிட்டு, கட்டைகளைக் கையில் கொடுத்து, கையாலேயே வரையவைத்துப் பழக்கினார், அவர்கள் முன்னேறினார்கள். டேவிட் உட்டலின் குழு 2013-இல் 217 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், இடஞ்சார்ந்த திறன் பயிற்சியால் வளர்கிறது என்றே வந்தது.

நாங்கள் செய்தது எளியது. வகுப்பு தொடங்கும் முன் பதினைந்து நிமிடம், கணினியை அணைத்துவிட்டு, ரப்பர் துண்டைக் கத்தியால் வெட்டி உருவம் செய்வது. அதை மேசையில் வைத்து மூன்று பக்கமும் வரைவது. பிறகு ரப்பரை ஒளித்துவிட்டு, மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் ஐசோமெட்ரிக் படமாக வரைவது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, மறைகோடு (பின்னால் மறைந்த விளிம்பைக் காட்டும் விட்டுவிட்டுப் போடும் கோடு) ஏன் அங்கே முடிகிறது என்று அவரே எனக்கு விளக்கினார். அதற்குப் பிறகு ஜன்னலைச் சிறிதாக்குவதை விட்டுவிட்டார். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கையைப் பற்றி எழுதியபோது, அதன் முதன்மையான ஊற்று தானே செய்து வென்ற அனுபவம்தான் என்றார். "உன்னால் முடியும்" என்று நான் சொன்ன பத்துத் தடவையைவிட அந்த மறைகோடு அதிகம் வேலை செய்தது.

ஆனால் நான் எதிர்பார்க்காதது மாற்றம் கேட்ட அன்று நடந்தது. அவருடைய மாடல் உடையவே இல்லை. திறந்து பார்த்தால் ஒரு நீலக் கோடு இல்லை. துளைகளுக்கு இடையிலான தூரத்தை எண்ணாகப் போடாமல், நீளம் கழித்தல் 30 என்று சமன்பாடாகவே எழுதி வைத்திருந்தார். கேட்டேன். "பார்த்தா சரியா இருக்கான்னு எனக்குத் தெரியாது சார். அதனால எதையும் பார்வைக்கு விடுறதில்ல" என்றார். கண்ணை நம்ப முடியாதவர் விதியை நம்பியிருக்கிறார். வேகக்காரருக்குக் கண் அவ்வளவு நன்றாக வேலை செய்தது, கயிறு கட்டாமலே எல்லாம் நேராக நின்றது.

இது எனக்குப் புதிது. ஒரு குணத்தைப் பலம், பலவீனம் என்று முன்கூட்டியே பிரித்து வைப்பது எவ்வளவு அவசரம் என்று தெரிந்தது.

நோண்டி

எந்த அளவைக் கொடுத்தாலும் அதை இஷ்டத்துக்கு மாற்றிப் பார்ப்பார். 120-ஐ 12 ஆக்குவார், 1200 ஆக்குவார். ஃபில்லெட்டின் ஆரத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டி எங்கே உடைகிறது என்று பார்ப்பார். உடைந்ததும் முகத்தில் ஒரு திருப்தி. வேலை முடியாது. வரைபடத்தின் மூலையில் பெயர், தேதி எழுதும் தலைப்புக் கட்டம் காலியாக இருக்கும், தாள் ஒருநாள் தாமதமாக வரும். எட்டு வாரம் நான் அவரைக் கண்டித்துக்கொண்டே இருந்தேன்.

மாற்றம் கேட்ட அன்று இரண்டு நிமிடம். காரணம் தெளிவு: நான் கேட்டதை அவர் ஏழாம் வாரமே தனக்குத் தானே கேட்டு, உடைந்து, சரி செய்து வைத்திருந்தார்.

இந்த ஐவரில் இவரைக் கதாநாயகியாக்குவது சுலபம். நான் ஆக்க மாட்டேன். குறித்த தேதியில் தாள் தராதவரோடு வேலை செய்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

என் பங்கு

இதுவரை ஐந்து பேரின் குணங்களைச் சொன்னேன். ஆறாவது ஆள் நான். டைரியைப் பின்னோக்கிப் புரட்டினால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்கும் யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள் என்று வெள்ளைப் பலகையில் எழுதியவன் நான். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தேன். மதிப்பெண் போட்டதும் கடைசிப் படத்துக்கு மட்டும். ஃபீச்சர் மரத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. வேகக்காரர் மரத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேனே, நானும்தான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அவருடைய அவசரத்தில் எவ்வளவு அவருடைய குணம், எவ்வளவு என் பலகை? நோட்டுக்காரரின் கிளிப்பிள்ளைத்தனத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என் விளக்கமில்லாத டெமோ? கற்பவரின் இயல்பு என்று நாம் எழுதி வைப்பதில் நல்ல பங்கு, நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதன் நிழல். இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

சுரேஷ் பவ்னானியும் பானி ஜானும் 1990-களில் கேட் பயன்படுத்துவோரைக் கவனித்து எழுதியவற்றை அப்போதுதான் மறுபடி படித்தேன். வருடக்கணக்காக மென்பொருளோடு பழகியவர்கள்கூடச் சுற்றுவழியிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். கட்டளை எல்லாம் தெரியும். எந்த வரிசையில் யோசிப்பது என்பது யாரும் சொல்லித் தராததால் தெரியாது. உதாரணத்துக்கு, ஒன்றை முழுக்க நுணுக்கமாக முடித்து, கூட்டாக்கி, பிறகு நகலெடுப்பது என்ற ஒரு சின்ன உத்தி. அது தானாக வருவதில்லை. தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கட்டளைகளை நான் ஒன்பது வாரம் சொல்லித்தந்திருந்தேன். உத்தியைச் சொல்லித்தந்த நாள் என்று டைரியில் ஒன்றைக்கூடக் காணோம்.

மிச்சமிருந்த இரண்டு வாரத்துக்கு விதியை மாற்றினோம். பலகையில் நிமிடம் எழுதுவது நின்றது. பாதி மதிப்பெண் படத்துக்கு, பாதி மாற்றச் சோதனைக்கு. எந்த அளவு மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். தாங்கிக் கட்டையை எல்லோரும் மறுபடி செய்ய வேண்டும், மரத்தில் ஒவ்வொரு வரிக்கும் பெயர் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் முன் ஃபைலைப் பக்கத்தில் உள்ளவரிடம் கொடுத்து, உடைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நோண்டிக்கு இது திருவிழா. ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: உன் தாள் தேதிக்குள் வந்தால்தான் அடுத்தவர் ஃபைலைத் தொடலாம். முதல் முறையாகத் தலைப்புக் கட்டம் நிரம்பி வந்தது. வேகக்காரர் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவருக்கு இது ஒரு கேம் என்று புரிந்துவிட்டது. யாராலும் உடைக்க முடியாத மாடல் செய்வது என்று இறங்கினார். வேகம் குறையவில்லை, அதே கைதான். மரத்தில் வரிக்கு வரி பெயர் வைப்பதற்குத் தனி ஷார்ட்கட் அமைத்துக்கொண்டார்.

கடைசி வகுப்பில் அவர் தன் ஃபைலை நோண்டியிடம் கொண்டுபோய் வைத்தார். நோண்டி நீளத்தைச் சொடுக்கி 37.5 என்று அடித்தார். துளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எட்டு வடிவமானது, நிமிர்தட்டு இரண்டு பக்கமும் வெளியே துருத்தியது, ஆனால் ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. "உடையலக்கா" என்று வேகக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். நோண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு 40 என்று அடித்தார். சட்டென்று துளைகளின் வரி சிவந்தது.

வேகக்காரரின் கை அழிக்கும் பொத்தானுக்குப் போகவில்லை. சிவப்பு வரியைத் திறந்து செய்தியைப் படித்தார், மறுபடி 39 போட்டார், நின்றது. 41 போட்டார், நின்றது. 40 போட்டால் மட்டும் உடைந்தது. "37-க்கே உடையாதது 40-க்கு எப்படி...?" பின்வரிசையிலிருந்து கணக்குக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு பக்கமும் பதினஞ்சு போனா மீதி பத்து. துளையும் பத்து" என்றார். அதாவது இரண்டு துளையும் ஒரே ஒரு கோட்டில் தொட்டுக்கொள்கின்றன. நடுவில் தடிமனே இல்லாத சுவர். நோட்டுக்காரர் வலப்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அண்ணன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, "அந்த நாப்பதை இன்னொரு தடவை போடு, பார்ப்போம்" என்றார்.